பதினெட்டு ஏர் கன்கள்

மேசையில் மூன்று மாதிரிகள்.
வாங்க வேண்டியவை பதினெட்டு.
முதலாளியின் பென்சில்
மலிவானதன்மேல் முன்பே வட்டம் போட்டுவிட்டது.

காஷியாஸ் தோ சுல், பிப்ரவரி.
ஊரே திராட்சை பறிக்கப் போயிருக்கிறது.
நான், நெய்வா, சரக்கறைச் சாவிக்காரி,
காற்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது வெறும் பித்தளைக் குழல்.
விசையை அமுக்கினால்
அலமாரியில் போல்ட்டுகள் நடுங்குகின்றன.
மீட்டர் நூற்றொரு டெசிபெல் என்கிறது.
காதுக்குள் ஒரு கொசு
மதியச் சாப்பாடு வரை போகவில்லை.

இரண்டாவதற்கு ரப்பர் மூக்கு.
தொட மெத்தென்று இருக்கிறது, அதுதான் பயம்.
எதில் வைத்தாலும்
அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறது.
அட்டை உறிஞ்சும்.
இது உள்ளே தள்ளும்.

மூன்றாவதன் மூக்கைச் சுற்றி நான்கு துளைகள்.
ஒரு மரக்கட்டையில் அழுத்திப் பார்த்தேன்.
கையில் இல்லை, சத்தியமாகக் கையில் இல்லை.
நுனி அடைபட்டதும்
காற்று பக்கத்து வாசல்களில் வெளியேறிப் போனது,
சண்டை பிடிக்காத மனிதனைப் போல.
முள் இரண்டு பாரைத் தொடவில்லை.
விலை மூன்று மடங்கு.

வால்மோரின் கதை முதலாளிக்கும் தெரியும்.
அக்டோபரில், ஷிப்ட் முடிகிற நேரம்,
பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில்
சட்டையிலிருந்த அலுமினியத் தூளைப்
பித்தளைக் குழலால் ஊதித் தட்டினான்.
எல்லோரும் செய்வதுதான்.
மணிக்கட்டில் பூனை கீறியதுபோல் ஒரு கீறல்.
காற்றுகூட நுழையாத இடம் என்று சொல்கிறோமே,
அங்கே நுழைந்தது.
முழங்கை வரை கை ஊதி
வேறொருவனுடைய கையாகிவிட்டது.
விரல் வைத்தால் தோலுக்கடியில்
கல்லுப்பு நறநறத்தது.

ஒன்பது நாள் சம்பளம், மருத்துவமனை, டாக்ஸி:
விலைப்பட்டியலின் அடியில்
மலிவான குழலுக்கு நேராக எழுதி
முதலாளியிடம் நீட்டினேன்.
அவர் ரப்பரால் வட்டத்தை அழித்தார்.
கொஞ்சம் கறை மிச்சம்.

பதினெட்டும் வந்தன.
சுவரில் மாட்டினோம். கண்ணாடிகளை அருகிலேயே மாட்டினோம்.
சட்டைக்குத் தூரிகை, தரைக்கு வாக்குவம்,
மெஷினின் மூலைமுடுக்குக்கு மட்டும் காற்று.
இரண்டு வாரம் நிம்மதி.

பிறகு ஒருநாள்
மில்லிங் பக்கம் பழைய சீறல் கேட்டது.
வால்மோர்.
அவனேதான்.
மூக்கைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்,
நான்கு துளையும் கச்சிதமாக அடைப்பு.
"இதுல தம் இல்ல நெய்வா,
துளைக்குள்ள கூலன்ட் அப்படியே நிக்குது" என்றான்,
அந்த மணிக்கட்டாலேயே நெற்றியைத் துடைத்தபடி.

திட்ட வாய் வரவில்லை.
தார்சீசியோவின் தொப்பியில் திராட்சை இருந்தது.
ஒன்றை வைஸில் மெதுவாகப் பிடித்து,
கண்ணாடி போட்டு,
வால்மோரையும் போடச் சொல்லி,
டேப் சுற்றிய மூக்கை
அதன் தோலில் வைத்து அமுக்கினேன்.

டப்.
வைஸில் ஈரம் மட்டும்.
தோல் எங்கோ கூரைப்பக்கம் போயிருந்தது.

டேப்பை உரித்துவிட்டு இன்னொன்று வைத்தேன்.
நடுங்கியது, உடையவில்லை.
வால்மோர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.
"புளிக்குது" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.
கூலன்ட் நிற்கிற துளைக்கு
நீளக் குழல் ஒன்று கேட்டுச் சீட்டு எழுதினான்.
அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்ல ஆசைதான்.
போன திங்கள் தார்சீசியோவின் மூக்கில்
சூயிங்கம் இருந்தது, இன்னும் புதினா வாசனையோடு.

ஆகவே திங்கள்தோறும்
கம்ப்ரஸர் உறுமத் தொடங்கும் முன்
ஒரு குண்டூசியோடு சுவரோரம் நடக்கிறேன்.
பதினெட்டு நான்கு எழுபத்திரண்டு.
ஒவ்வொன்றிலும் ஊசி போய்
வெளியே வர வேண்டும்.